பறக்கிற ராக்கெட்டுக்கு மார்க் போடுங்கள்: அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும், கண்காட்சிகளை முன்னின்று நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு அப்பாவின் கடையையே எடுத்துக்கொண்டவன். அறிவியல் கண்காட்சிக்கும் சைக்கிள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். கண்காட்சி நெருங்கினால் "அண்ணாச்சி, பழைய வால்வு இருக்கா, அறுந்த பிரேக் ஒயர் இருக்கா?" என்று பிள்ளைகள் வந்து நிற்பது என் கடை வாசலில்தான். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவன் நான். நீங்கள் கடைசி ஐந்து நிமிடம் பார்க்கிறீர்கள்.

இதை எழுதவைத்தது சென்ற முறை நடந்த ஒரு கண்காட்சி. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான். பழைய சாமான்களில் தண்ணீர் ராக்கெட் (பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, காற்றடித்துப் பறக்கவிடுவது) செய்து கொண்டுபோன மூன்று பிள்ளைகளிடம் நடுவர் கேட்ட முதல் கேள்வி, "இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?" அடுத்தது, "கொஞ்சம் நீட்டாகச் செய்திருக்கக் கூடாதா?" அதோடு நகர்ந்துவிட்டார். பக்கத்து மேசையில் தெர்மாகோலில் செய்து வெள்ளி பெயின்ட் அடித்த பிஎஸ்எல்வி நின்றது. அடியில் சிவப்பு எல்இடி மினுங்கியது. பரிசு அதற்குப் போனது. அந்தப் பையன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காசு கொடுத்தால் அந்த மாதிரி மாடல்களைச் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது பறக்காது. பறக்காத ராக்கெட் முதலிடம் வாங்கியது, பறக்கிற ராக்கெட் துருப்பிடித்த பைப்புக்காக மார்க் இழந்தது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த மேசையில் நீங்கள் பார்க்காமல் விட்டது என்ன என்று சொல்கிறேன்.

ராக்கெட்டின் உடம்பு, கல்யாண வீட்டில் பொறுக்கிய இரண்டு லிட்டர் கலர் பாட்டில், அதாவது கேஸ் அடைத்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில். தண்ணீர் பாட்டிலை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. கலர் பாட்டில் உள்ளேயிருக்கும் கேஸைத் தாங்கவேண்டும் என்பதற்காகவே கெட்டியாகச் செய்யப்படுவது. தண்ணீர் பாட்டிலுக்கு அந்த வேலை இல்லை, அதனால் மெல்லிசு. இறக்கைகள், தேர்தலுக்குக் கட்டிவிட்டு அவிழ்க்காமல் போன சன்பேக் (பிளாஸ்டிக் அட்டை) தட்டி. (எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், மூன்று இறக்கையும் மூன்று நிறம்.) கூம்பு, இன்னொரு பாட்டிலின் மேல்பாதி. பாராசூட், துணிக்கடைக் கவர். இறக்கையை ஒட்ட முதலில் க்ளூ கன்தான் எடுத்தார்கள். அந்தச் சூட்டுக்குப் பாட்டில் சுருங்கியது. அப்புறம் டேப்புக்கு மாறினார்கள்.

ஏவுதளம் இன்னும் சுவாரஸ்யம். வெல்டிங் பட்டறையில் கழித்துப்போட்ட அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். அதன் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டரும் கொஞ்சமும். கலர் பாட்டில் வாயின் உள்விட்டம் அதைவிட மயிரிழை கூடுதல். சேர்த்துவைத்துச் செய்ததுபோலப் பொருந்தும். இடைவெளியை அடைக்க ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். காற்றடிக்க, பஞ்சரான பைக் டியூபிலிருந்து அறுத்த வால்வு. சைக்கிள் வால்வு ஏன் ஒத்துவராது என்பதை என் கடையில்தான் தெரிந்துகொண்டார்கள்: பழைய மாடல் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கிறது, காற்று உள்ளே போகும், ஆனால் உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேஜில் (அழுத்தம் காட்டும் மீட்டரில்) சரியாகத் தெரியாது. அழுத்தம் தெரியாமல் ராக்கெட் விடக்கூடாது.

பாட்டிலைப் பிடித்துவைத்து விடுவிக்கும் அமைப்பு, பைப்பைச் சுற்றி வரிசையாக நிறுத்திய கேபிள் டைகள். பாட்டில் கழுத்தில் மூடிக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறதல்லவா, டைகளின் தலைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். வெளியே ஒரு பெரிய பைப் துண்டு டைகள் விரியாமல் அணைத்து நிற்கும். அந்தத் துண்டைக் கீழே இழுத்தால் டைகள் விரியும், பாட்டில் கிளம்பும். இது அவர்கள் கண்டுபிடித்ததில்லை. உலகம் முழுக்கத் தண்ணீர் ராக்கெட் விடுகிறவர்கள் செய்வதுதான். இழுப்பதற்கு முதலில் பிரேக் ஒயரைக் கட்டினார்கள். நீளம் போதவில்லை, பாட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டி வந்தது. 10 மீட்டர் தள்ளி நின்று இழுக்க நைலான் கயிறு மாட்டினார்கள். துருப்பிடித்த பைப் என்று நீங்கள் பார்த்தது இதைத்தான்.

சரி, சாமான் சேர்த்துவிட்டால் ராக்கெட் ஆகிவிடாது. நேராகப் போகவேண்டும். அதற்கு ராக்கெட்டின் எடை மையம் முன்னாலும், காற்று தள்ளும் அழுத்த மையம் பின்னாலும் இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது பாட்டிலின் ஒரு விட்டம் இடைவெளி வேண்டும். பிள்ளைகள் ராக்கெட்டின் நிழலுருவத்தை அட்டையில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்தி, அழுத்த மையத்தைத் தோராயமாகக் கண்டார்கள். பிறகு ராக்கெட்டை எடை மையத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுற்றினார்கள். மூக்கு முன்னால் போனால் சரி, வால் முன்னால் வந்தால் மூக்கில் கனம் கூட்டவேண்டும். கனத்துக்கு என்னிடம் சைக்கிள் பால்ஸ் கேட்டார்கள். அவர்களுடைய டீச்சர் விடவில்லை: மேலேயிருந்து விழும் பொருளின் மூக்கில் இரும்பு இருக்கக்கூடாது. களிமண் வைத்தார்கள். அந்த டீச்சர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது? இதுதான் அந்த ராக்கெட்டின் உயிர்நாடியான கேள்வி. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடமில்லை, தள்ளுவதற்குத் தெம்பு இருக்காது. குறைந்தால் பின்னால் தள்ளிவிட எடை இல்லை, வெறும் காற்று புஸ்ஸென்று போய்விடும். பாட்டிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊற்றும்போது நன்றாகப் போகிறது என்பதை அவர்கள் புத்தகத்தில் பார்த்து எழுதவில்லை. அளவை மாற்றி மாற்றி விட்டு, உயரம் குறித்து, வரைபடம் போட்டிருந்தார்கள். உயரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? கோணமானியில் நூலும் நட்டும் கட்டி, 30 மீட்டர் தள்ளி நின்று, ராக்கெட் உச்சியில் இருக்கும்போது கோணம் பார்ப்பது. 45 டிகிரி என்றால் உயரமும் 30 மீட்டர், கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் "பனைக்கு மேல போச்சு" என்று சொல்வதை டான் தீட்டாவில் சொல்லியிருந்தார்கள். எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. நோட்டு மேசைமேல்தான் இருந்தது.

பிளஸ் ஒன் இயற்பியல் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம்: 60 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அளவு) அழுத்தத்தில் தண்ணீர் அந்த வாய் வழியாக நொடிக்கு 28 மீட்டர் வாக்கில், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. கிளம்பும் கணத்தில் தள்ளுவிசை 30 கிலோ எடைக்குச் சமம். ராக்கெட் தண்ணீரோடு சேர்த்தே ஒரு கிலோ வராது. முக்கால்வாசி வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் இயக்க விதிகள். அதைத் தரையில் நின்று கையால் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

"என்ன பயன்" என்ற கேள்விக்கும் வருகிறேன். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆபர்னில், ஒரு பண்ணையில், ராபர்ட் காடார்ட் விட்ட உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை நொடிதான் பறந்தது. ஏறிய உயரம் 41 அடி. முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. பார்க்க வெறும் குழாய்ச் சட்டம். அன்றைக்கு நீங்கள் நடுவராக இருந்திருந்தால் எத்தனை மார்க் போட்டிருப்பீர்கள்? நம் நாட்டின் சொந்த ராக்கெட்டுகளில் முதலாவதான ஆர்எச்-75, 1967-இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து போனது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர், அதாவது இந்தப் பிள்ளைகளின் கலர் பாட்டிலைவிட ஒல்லி. தும்பாவில் ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாதா கோயில் கட்டடத்தை அலுவலகமாக வைத்துத் தொடங்கிய இடம் அது. (சைக்கிளின் பங்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது ஒரு சைக்கிள் கடைக்காரனின் மனக்குறை.) இன்று எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலேயே ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே வேலைக்குப் போகப்போகிறவர்கள் தெர்மாகோல் வெட்டியா கற்றுக்கொள்வார்கள்?

பாதுகாப்பு பற்றி உங்களுக்கு இருக்கும் பயம் நியாயமானது. எனக்கும் உண்டு. தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து மருந்தைக் கொட்டி, வேறு குழாயில் திணித்துப் பார்க்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன், திட்டி அனுப்பியிருக்கிறேன். விரல் போகும், கண் போகும். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமமில்லாமல் மருந்து கலப்பதும் குற்றம். 1950-களின் கடைசியில், உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் போன நேரத்தில், அமெரிக்காவிலும் பிள்ளைகள் வீட்டில் மருந்து கலந்து கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதைத் தவிர்க்க வழி காட்டியவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். மாற்றிப் போட்டுக்கொள்ளும் சிறிய ரெடிமேட் மோட்டார் (மருந்து அடைத்தே வரும் குழாய்) இருந்தால் பிள்ளை மருந்தைத் தொடவே வேண்டாம் என்பது அவருடைய யோசனை. பாதுகாப்பு விதிகளை எழுதிய ஹேரி ஸ்டைனோடு அவர் சேர்ந்த பிறகுதான் மாடல் ராக்கெட் என்பது அங்கே பள்ளிக்கூடம் வரை வந்தது. தடை போட்டதனால் இல்லை, ஆபத்தில்லாத வழியைக் கையில் கொடுத்ததனால். அந்த மோட்டார் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது. தண்ணீரும் காற்றும் கிடைக்கும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த கண்காட்சிச் சுற்றறிக்கையில் மருந்து, தீ எதுவும் கூடாது, தண்ணீர் ராக்கெட் கொண்டுவரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கலர் பாட்டில் மட்டும், அழுத்தம் 60 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது, கயிறு இழுப்பவர் 10 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி போடவேண்டும், கீறல் விழுந்த பாட்டிலை மறுபடி ஏற்றக்கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் போதும். பறக்கவிட அரை மணி நேரமும் மைதானமும் கொடுங்கள். ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று பேய்த்தனமாக அடிக்கும், ராக்கெட் காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அதனால் காலை எட்டு மணிக்கு முன்பு வைத்தால் நல்லது. "நீட்டாக" இருப்பதற்கு வைத்திருக்கும் மார்க்கில் பாதியை நோட்டுக்குக் கொடுங்கள். கேள்வி கேட்கும்போது, முதலில் விட்டது ஏன் சாய்ந்தது, அதற்கு என்ன மாற்றினாய் என்று கேளுங்கள். காசுக்கு வாங்கிய மாடல் வைத்திருக்கும் பிள்ளைக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. சொந்தமாகச் செய்த பிள்ளையை நிறுத்துவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேஜ் வைத்த பம்பு பள்ளியில் இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன். இதே மாதிரி இரண்டு ஏவுதளம் கடையில் தயாராக இருக்கிறது. கம்ப்ரஸர் மட்டும் தரமாட்டேன். கையால் அடித்தால்தான் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும், பிள்ளைக்கும் 60 என்றால் எவ்வளவு என்று தெரியும். தேதியை ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
திருச்செந்தூர் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன்