பேச்சை மாற்றச் சொன்ன அறிவுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'சாகணும் என்று புலம்புகிறவரிடம் அதைப் பற்றித் துருவாதீர்கள். இல்லாத எண்ணமும் வந்துவிடும். பேச்சை மாற்றுங்கள்' என்று ஞாயிறு இணைப்பில் அறிவுரை வந்திருந்தது. எழுதியவர் அப்படி யாரிடமாவது பேச்சை மாற்றிப் பார்த்திருக்கிறாரா?

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில், என்னிடம் வேலை செய்கிற பெண் பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு ஜாக்கெட் முழுக்க மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். தொட்டால் மேல்நூல் அப்படியே கையோடு வந்தது. குழுக் கடனுக்கு வாரா வாரம் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதிக்கா" என்றாள். "செத்துப்போயிடலாம்னு தோணுதாடி?" என்று நேராகவே கேட்டேன். "ஆமாக்கா" என்றவள் அதன்பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். நானா விதைத்தேன்? மாசக்கணக்கில் அவளுக்குள் கிடந்தது ஐயா அது. பிள்ளைகளை நினைச்சுப் பாரு என்று மாமியார் ஓதி ஓதியே அவள் நொந்துபோயிருந்தாள், அதனால் நான் அதைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டாள். அதை மட்டும் தரவில்லை. என் போனிலேயே மனநல உதவி எண் 14416-ஐப் போட்டுக் கொடுத்து, அவள் அண்ணன் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று போட்ட ஆர்டர் ஒன்றும் முடியவில்லை, போகட்டும்.

நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வராது, பேசினால் தவிப்பு குறையும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1986-லிருந்து இதே ஊரில் தற்கொலைத் தடுப்புக்கென்றே சினேகா அமைப்பு இருக்கிறது. அச்சுக்குப் போகும்முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் தங்கள் பத்திரிகையிடம் இதை எதிர்பார்ப்பது என் பேராசைதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் இறந்துபோன பிள்ளையின் போட்டோ, எப்படி இறந்தது என்று அங்குலம் அங்குலமாக விவரம். முறையை விவரிக்காதீர்கள் என்று பிரஸ் கவுன்சில் 2019-இல் சொன்னது வேறு யாருக்கோ போலிருக்கிறது. ஜோக் பக்கத்தில் வாரம் தவறாமல் கீழ்ப்பாக்கத்தைக் கேலி செய்வீர்கள். அப்புறம் 'மனநல ஆலோசனை பெறுங்கள்' என்று உபதேசமும் செய்வீர்கள். அந்தப் பெண்ணை டாக்டரிடம் கூப்பிட்டபோது அவள் முதலில் கேட்டது, "என்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்களாக்கா?" என்றுதான். இரண்டாவது, போலீஸ் பிடிக்குமா என்று. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை தரவேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. இதை ஒருநாளாவது நாலு பத்தி எழுதியிருப்பீர்களா? எங்கள் பக்கம் கத்திக்குத்து நடந்தால்தானே உங்கள் நிருபருக்கு வழி தெரிகிறது.

கேட்பது இவ்வளவுதான். தற்கொலைச் செய்திக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் போடுகிறீர்களே உதவி எண்கள், அந்த 14416, 104, சினேகாவின் 044-24640050 மூன்றையும் ராசிபலன் எழுத்தளவுக்காவது பெரிதாக்குங்கள். கடையில் வெட்டி ஒட்ட வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.