வேதியியல் வீட்டுப்பாடம்: பிழை அன்றிரவே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. வேதியியல் சேரும் மாணவர்களில் பலர் முதல் பருவத்திலேயே அரியர் வைப்பதற்குக் காரணம், அவர்கள் பாடத்தை மனப்பாடம் செய்யாதது அன்று. கணக்குகளைத் தாமே போட்டுப் பார்க்காததுதான் என்பது, 31 ஆண்டுகள் இப்பாடத்தை நடத்தி ஓய்வுபெற்ற என் கருத்து. அதற்கு இணையவழி வீட்டுப்பாடம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை என் பணிக்காலத்தின் கடைசி ஆறு ஆண்டுகளில் நேரில் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒருமுறை முதலாமாண்டு வகுப்புக்கு, 5.85 கிராம் சோடியம் குளோரைடை நீரில் கரைத்து 250 மில்லிலிட்டர் கரைசலாக்கினால் அதன் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டரில் உள்ள மோல்களின் எண்ணிக்கை, என்ன என்று அசைன்மென்ட் கொடுத்தேன். விடை 0.4. திரும்பி வந்த 58 நோட்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் 0.0004 என்று இருந்தது. மில்லிலிட்டரை லிட்டராக மாற்ற யாரோ ஒருவர் மறந்திருக்கிறார், மற்றவர்கள் அந்த மறதியையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெஞ்ச் பெஞ்சாக அந்தப் பிழை நகர்ந்த வழியைக்கூட நோட்டுகளை அடுக்கிப் பார்த்தால் சொல்லிவிடலாம். திருத்திக் கொடுக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் வகுப்பு வேதிச்சமநிலைக்குப் போய்விட்டது. சிவப்பு மையில் நான் எழுதியதை எவரும் வாசித்ததாகத் தெரியவில்லை, மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நோட்டை மூடினார்கள்.

இந்தப் பன்னிரண்டு நாளை ஒரு நிமிடமாக்குவதுதான் இணையவழி வீட்டுப்பாடத்தின் முதல் பயன். இரண்டாவது பயன், ஒரே கணக்கு ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு எண்களுடன் போய்ச் சேருவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1992-ல் இயற்பியல் வகுப்புக்காகத் தொடங்கிய ‘காபா’ என்ற ஏற்பாட்டின் மையமே அதுதான். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்திலும் 1990-களிலேயே வேதியியல் துறையினர் தங்கள் மாணவர்களுக்கென இப்படி ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். இன்று அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. கட்டணமில்லாத ‘மூடுல்’ மென்பொருளில், சூத்திரத்தையும் எண்கள் மாறும் எல்லையையும் ஆசிரியர் ஒருமுறை எழுதி வைத்தால், ஒருவருக்கு 5.85 கிராமும் 250 மில்லிலிட்டரும், அடுத்தவருக்கு 2.34 கிராமும் 200 மில்லிலிட்டரும் வரும். பக்கத்து நோட்டைப் பார்ப்பதில் பயனில்லாமல் போக, “எப்படிப் போட்டாய்?” என்று கேட்கத்தான் வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியை விடுதி வராந்தாவில் காதால் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

தவறான விடைகளை முன்கூட்டியே ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைப்பதில்தான் ஆசிரியரின் உண்மையான உழைப்பு இருக்கிறது. 10-ன் அடுக்கு மைனஸ் 8 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் மதிப்பை (7-க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே இருந்தால் காரம்) கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் கூசாமல் 8 என்பார்கள். ‘தவறு’ என்று மட்டும் திரையில் வந்தால் அடுத்து 7 என்றோ 6 என்றோ அடித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, “அமிலத்தை ஊற்றிய பிறகு கரைசல் காரமாகுமா? நீர் தரும் ஹைட்ரஜன் அயனிகளைக் கணக்கில் சேர்த்தீர்களா?” என்ற இரண்டு வரி வந்தால், பாதிப் பேராவது காகிதத்தை எடுத்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து 6.98-க்கு வந்து சேர்கிறார்கள். வாசிப்பதைவிட நினைவுகூர்ந்து விடையளிப்பதே நிலைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உரைநடைப் பகுதிகளை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

ஆனால் இப்போது நம் கல்லூரிகள் பலவற்றில் இணையவழி வீட்டுப்பாடம் என்ற பெயரில் நடப்பது வேறு. ஒரே பத்து வினாக்களைக் கூகுள் படிவத்தில் ஏற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் விடைகள் இன்னொரு குழுவில், ஆசிரியர் இல்லாத குழுவில், வந்துவிடுகின்றன. நான்கில் ஒன்றைத் தொடும் வினாவுக்கு மூன்று வாய்ப்பு கொடுத்தால் அங்கே வேதியியலுக்கு வேலையே இல்லை. கணக்கைப் படம்பிடித்துப் போட்டால் செயற்கை நுண்ணறிவுச் செயலி படிப்படியாகத் தீர்த்துத் தரும் இக்காலத்தில், எண்களை மாற்றி அனுப்புவதுகூட முழுப் பாதுகாப்பாகாது. ஆகவே வீட்டுப்பாடத்துக்கு 25 அகமதிப்பெண்ணில் ஐந்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்பதும், அதே வகைக் கணக்கு ஒன்றை வாரம் ஒருநாள் வகுப்பில் பத்து நிமிடம் காகிதத்தில் போடச் சொல்ல வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம். வீட்டில் பத்துக்குப் பத்து வாங்கியவர் வகுப்பில் வெற்றுத்தாள் கொடுத்தால், யாரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். கரிம வேதியியல் வினைவழிமுறைகளைக் கைபேசியில் வரையச் சொல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பென்சிலே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மாணவி ஒருத்தி தொடர்ந்து மூன்று வாரம் வீட்டுப்பாடம் அனுப்பவில்லை. விசாரித்தபோது, வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் தந்தையுடன் லாரியில் போய்விடுகிறது என்றாள். அதன்பின் கெடுவை இரவு 12 மணியிலிருந்து ஞாயிறு மாலைக்கு மாற்றினேன், துறையின் கணினி அறையை மாலை ஐந்து மணிவரை திறந்து வைக்க அனுமதி பெற்றேன். வினாக்களைத் தமிழிலும் தந்தபோது, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தயங்கியது கணக்கில் அன்று, வினாவின் ஆங்கிலத்தில்தான் என்பதும் புரிந்தது.

ஒரு வினாவை இப்படித் தயாரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வோர் ஆசிரியர் தனித்தனியே இதைச் செய்ய வேண்டிய தேவை என்ன? மாதிரிப் பாடத்திட்டத்தை வகுத்த தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், அதே பாடத்திட்டத்துக்கு எண்கள் மாறும் வினாக்களும் பிழைக்கேற்ற குறிப்புகளும் கொண்ட பொது வினாவங்கியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவாக்கி எல்லாக் கல்லூரிகளுக்கும் இலவசமாகத் தர வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் வகுப்புகளில் வார ஒப்படைப்புக்கு 25 விழுக்காடும் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் என்ற முறை நம் மாணவர்களுக்குப் பழகியதுதான் என்பதால், இணையவழி வீட்டுப்பாடத்தை ஏற்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. நான் தயாரித்த 140 கணக்குகள் என் கணினியில் இருக்கின்றன; எந்த அரசுக் கல்லூரியின் வேதியியல் துறை கேட்டாலும், அவற்றைத் தருவதோடு மூடுலில் ஏற்றும் வரை உடனிருந்து உதவவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் இணைப் பேராசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்