மருந்துக்கு முன்னால் வலையமைப்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அறக்கட்டளையின் நிதிக்குழுவில் நீ சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நீ. தண்டுவடக் காயத்துக்கு மருந்து தேட, ஒரு நல்ல மருத்துவமனைக்கே மொத்தப் பணத்தையும் தந்தால் போதாதா, ஏன் பதினைந்து இடங்களுக்குப் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

நரம்புகள் மீள உதவும் என்று நம்பப்பட்ட ஜிஎம்-1 என்ற மருந்துக்கு நடந்ததைப் பார். அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரே மையத்தில் நடந்த சோதனையின் முடிவு 1991-இல் வெளியானது. ஓராண்டு வரை தொடர்ந்தவர்கள் 34 பேர். மருந்து பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்; நம்பிக்கை பிறந்தது. பிறகு 28 மையங்களில், 760 பேரிடம் சோதித்தபோது, சற்று வேகமாகத் தேறுவதுபோலத் தொடக்கத்தில் தெரிந்ததே தவிர, வெற்றிக்கென்று முன்கூட்டியே வைத்த முதன்மை அளவுகோலில் மருந்து தேறவில்லை.

காரணம் நோயிலேயே இருக்கிறது. காயம்பட்ட முதல் சில மாதங்களில் பலர் தாமாகவே ஓரளவு மீள்கிறார்கள், அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கழுத்தில் பட்ட காயம் வேறு, மார்புப் பகுதியில் பட்டது வேறு. உணர்வு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். இவர்களைப் பிரித்து, சில மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கக்கூடியவர்களை மட்டும் எடுத்தால், ஒரு மருத்துவமனையில் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் மிஞ்சுவார்கள்.

பல மையங்கள் சேர்ந்தாலும் கடினம்தான். பல மருத்துவமனைகள் சேர்ந்த வட அமெரிக்க வலையமைப்பு 2014-இல் தொடங்கிய, ரிலுசோல் என்ற மருந்தின் சோதனைக்கு 351 பேர் தேவைப்பட்டார்கள். 193 பேர் சேர்ந்த நிலையில், பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. பணத்தால் நின்றதும் உண்டு. கருமூல உயிரணுக்களை (ஸ்டெம் செல்) காயத்தில் செலுத்தும் சோதனையை 2010-இல் தொடங்கிய ஜெரான் நிறுவனம், அடுத்த ஆண்டே நிதிக் காரணத்தால் கைவிட்டது. உடலில் ஊசி ஏற்றிக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுப்பதில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: மருந்துக்கு மட்டும் பணம் கொடுக்காதே, வலையமைப்புக்குக் கொடு. சூரிச்சை மையமாகக் கொண்ட ஐரோப்பியப் பன்மைய ஆய்வு 2001-இலிருந்து நடக்கிறது. எல்லா மையங்களும் ஒரே முறையில் தசை வலுவையும் தொடு உணர்வையும் பரிசோதித்து, குறித்த காலங்களில் ஓராண்டு வரை பதிவுசெய்கின்றன. பரிசோதிப்பவர்களுக்குப் பயிற்சியும் உண்டு. ஒருவர் மூன்று என்று போடும் மதிப்பெண்ணை இன்னொருவர் நான்கு என்று போட்டால் ஆய்வே வீண். நரம்பு மீண்டும் வளர்வதைத் தடுக்கும் நோகோ என்ற புரதத்தை முடக்கும் மருந்தை நான்கு நாடுகளில், 13 மருத்துவமனைகளில், 126 பேரிடம் சோதிக்க முடிந்ததற்கு இத்தகைய அடித்தளம் வேண்டியிருந்தது. ஒட்டுமொத்தப் பலன் கிட்டவில்லை. ஆனால் பகுதிக் காயம் உள்ளவர்களிடம், அதாவது காயத்துக்குக் கீழே உணர்வோ அசைவோ கொஞ்சம் மிஞ்சியிருப்பவர்களிடம், ஒரு நல்ல அறிகுறி தெரிந்தது. அடுத்து யாரைச் சேர்க்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

அடுத்த கூட்டத்தில் விண்ணப்பம் வரும்போது மூன்று விஷயம் கேள். நோயாளிகளை அழைத்து, தேதி பார்த்து, திரும்ப வரவைக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? ஓராண்டுக் கண்காணிப்பு முடியும்வரை பணம் ஒதுக்கியிருக்கிறதா? காயத்தோடு வாழ்கிறவர்கள் திட்டம் வகுத்த குழுவில் இருந்தார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. நடப்பதைவிடக் கை விரல்களும் சிறுநீர்ப்பையும் முக்கியம் என்று பலர் சொல்வார்கள். எதை அளப்பது என்பதே அதனால் மாறும்.

விண்ணப்பப் படிவத்தின் நகல் ஒன்றை அனுப்பு. வரவுசெலவுப் பக்கத்தில் என் குறிப்புகளை எழுதி, கூட்டத்துக்கு முன்பே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்