வால் நட்சத்திரம் மேற்கே, கூட்டம் கிழக்கே

அக்டோபர் 2024

ஐயா,

சூச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரத்தைப் பார்க்கப் பலரும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் கிளம்புகிறார்கள். கிழக்கே கடலைப் பார்த்து நின்றால் எப்படித் தெரியும்? சூரியன் மறைந்த பிறகு மேற்கே தெரிவது அது. சரி என்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், ஹைமாஸ் விளக்கு கண்ணைக் கூசுகிறது.

மேகம் விலகிய ஒரு மாலை, கெடிலம் பாலத்தில் நின்று ஆறே முக்காலுக்குப் பார்த்தேன். கீழே பளிச்சென்று வெள்ளிக் கோள். அதற்கு வலப்பக்கம் மேலே மங்கலான புள்ளி, அதிலிருந்து மேல்நோக்கிப் புகை போல நீண்ட வால். பக்கத்தில் நின்றவர், "இது தெரிஞ்சா ஆட்சிக்கு ஆகாதே" என்றார். பனியும் தூசியும் சேர்ந்த கட்டி வெயிலில் ஆவியாகிறது, அது ஆட்சியை என்ன செய்யும்!

2023-ல் கண்டுபிடிக்கப்பட்ட இது, 2024 அக்டோபர் 12-ல் சுமார் 7 கோடி கி.மீ. தொலைவில் நம்மைக் கடந்தது. இனி நாளுக்கு நாள் மங்கும். அதற்குள் கடற்கரை விளக்குகளை ஏழரை மணி வரையாவது மாநகராட்சி அணைத்து வைக்கலாம். நீங்களும் உங்கள் நாளிதழில் மழை நிலவரத்தோடு, எந்தத் திசை, எத்தனை மணி என்று தினமும் ஒரு வரி போடுங்கள்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்