தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப் படையில் இன்ஜின் பிட்டராகப் பணியாற்றிய எங்கள் தாத்தாவின் காகிதங்கள் யாவும், முறையாகப் பட்டியலிடப்பட்டு, சென்ற மாதம் ஒரு பொதுக் காப்பகத்தின் பொறுப்பில் சேர்ந்துவிட்டன. அவருடைய சம்பளப் புத்தகம், பயிற்சிக் காலத்து நோட்டு ஒன்று, மணியார்டர் கூப்பன்கள், சில புகைப்படங்கள், அவருக்கும் பாட்டிக்கும் இடையே போய்வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் ஆகியவை அதில் அடங்கும். இவை பிழைத்தது எங்கள் குடும்பத்தின் சாமர்த்தியத்தால் அன்று என்பதால், காரணமானவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றியைப் பொதுவில் எழுதுவதே முறை என்று கருதுகிறேன்.

தாத்தா விமானம் ஓட்டியவர் அல்லர். அந்நாளில் 'ஹவாய் சிப்பாய்' என்று அழைக்கப்பட்ட தரைப் பணியாளர்களுள் ஒருவராகச் சேர்ந்தவர். அர்ஜன் சிங் தலைமையில் ஹரிகேன் விமானங்களுடன் 1944 பிப்ரவரியில் இம்பால் சென்ற முதலாம் படையணியில் அவரும் இருந்தார். மார்ச் இறுதியில் ஜப்பானியப் படையினர் இம்பாலுக்கு வரும் கோஹிமா சாலையைத் துண்டித்ததிலிருந்து ஜூன் 22 அன்று அது மீண்டும் திறக்கும்வரை, எரிபொருளும் உணவும் வான்வழியாகவே அங்கு வந்தாக வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதங்களைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. 'மழை அதிகம், சாப்பாடு குறைவு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் புகுந்தபோது, இக்காகிதங்கள் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. மார்பளவு நீரில் இறங்கி, எங்களுடைய டிவியையும் மெத்தைகளையும் விட்டுவிட்டு, 'இதுதானே அக்கா தாத்தா பெட்டி' என்று கேட்டு அதை மாடிக்குத் தூக்கி வந்த பக்கத்துத் தெருத் தம்பிகள் இருவருக்கும் முதல் நன்றி. இரண்டு நாளாக நீரில் கிடந்த காகிதங்களை வெயிலில் உலர்த்தலாம் என்று நாங்கள் பிரிக்கத் தொடங்கியிருந்தோம். தொலைபேசியில் கிடைத்த காகிதப் பராமரிப்பு வல்லுநர் ஒருவர்தாம் தடுத்தார். ஈரத்தாளைப் பிரித்தால் கிழியும், வெயிலில் வைத்தால் சுருங்கும், இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும், ஆகவே கட்டைக் கட்டாகவே பாலிதீனில் சுற்றி உறையவைத்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஊரில் மின்சாரம் இல்லை. வழக்கமாக எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மாள், தம்மிடம் மிச்சமிருந்த இரண்டு தெர்மோகோல் பெட்டிகளைப் பனிக்கட்டியோடு எடுத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டிலும் அன்று தண்ணீர் வடிந்திருக்கவில்லை. அந்தப் பெட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இருந்த வெளியூருக்குச் சுற்றுவழியில் பயணம் செய்து, தம் உறவினரின் குளிர்பதனக் கிடங்கில் சேர்த்த என் சித்தப்பா மகனுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதன் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், அந்த வல்லுநர் ஒவ்வொரு முறையும் ஏழெட்டுத் தாள்களை மட்டும் உறைநிலையிலிருந்து எடுத்து, ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்து உலர்த்தி, துருப்பிடித்த குண்டூசிகளை நீக்கி, கிழிந்த இடங்களை மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு சேர்த்தார். லேமினேஷன் செய்துவிடலாமே என்று நான் கேட்டபோது, பிளாஸ்டிக்கில் ஒட்டிய தாளை அதிலிருந்து மீட்பது அரிது என்று கூறி மறுத்ததற்காகவும் இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஊற்றுப்பேனா மையால் எழுதப்பட்ட தாத்தாவின் கடிதங்களில் பாதிக்கு மேல் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. பாட்டி எழுதியவை சாதாரணப் பென்சிலால் எழுதப்பட்டவை. கரிக்கோட்டைத் தண்ணீர் கரைக்காது என்பதால், பிள்ளையார் சுழி முதல் கடைசிச் சொல் வரை அவை அப்படியே நின்றன. தொடக்கத்தில், பயன்படக்கூடியவை சம்பளப் புத்தகமும் படைத்துறைத் தாள்களுமே, வீட்டுக் கடிதங்களைத் தனியே எடுத்துவிடலாம் என்று எங்களுக்குச் சிலர் நல்லெண்ணத்துடன் யோசனை கூறினார்கள். தாத்தா கட்டிவைத்த வரிசையைக் கலைக்கவே கூடாது என்று வல்லுநர் உறுதியாக நின்றார். அவ்வரிசைதான் பின்னர் எங்களுக்கு வழிகாட்டியது. பாட்டியின் கடிதங்களில் ஆங்கிலத் தேதி இல்லை. 'தாரண வருஷம் ஆனி மாதம்' என்பது போலத் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டுமே இருந்தன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் எண்பது வயதைக் கடந்த நிலையிலும் வாரம் இருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, தமிழ் எண்களையும் பழைய சுருக்கக் குறிகளையும் படித்துச் சொல்லி, ஒவ்வொன்றையும் 1942 முதல் 1946 வரையிலான மாதங்களோடு பொருத்திக் கொடுத்தார்.

அவர் கண்டுபிடித்துச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே தீர வேண்டும். சித்ரபானு ஆண்டில், அதாவது 1942இல், ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சிச் சென்னையிலிருந்து மக்கள் வெளியேறியபோது, பாட்டி கைக்குழந்தையான என் அப்பாவுடன் கும்பகோணத்துக்கு அருகேயுள்ள பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து சென்ற முதல் கடிதங்கள் அவர் தம்பியின் கையெழுத்தில் உள்ளன. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்' என்பதற்கு மேல் அவற்றில் அதிகம் இல்லை. சுபானு ஆண்டின் நடுவில் எழுத்து மாறுகிறது. பெரிய, கோணலான, ஒற்றெழுத்துகள் விடுபட்ட எழுத்து. தம்பியிடம் சொல்லி எழுதவைக்க முடியாத செய்திகள் இருந்ததால் பாட்டி தாமே எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். தாரண ஆண்டில், தணிக்கையின் காரணமாகத் தாத்தா தாம் இருக்கும் ஊர்ப் பெயரைக்கூட எழுத முடியாதிருந்த அந்த இம்பால் மாதங்களில், பாட்டியின் கடிதங்கள் நான்கு பக்கம், ஐந்து பக்கம் என்று நீள்கின்றன. ரேஷன் அரிசியில் கல், மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்தது, அப்பா திண்ணையிலிருந்து விழுந்து நெற்றியில் பட்ட காயம், வந்த மணியார்டரில் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்ற கணக்கு எல்லாம் அவற்றில் உள்ளன. பாட்டிக்கு எழுதத் தெரியும் என்பதையே பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அறிந்திருக்கவில்லை.

இக்கடிதங்களைப் பிறர் பார்வைக்கு வைக்க இசைந்த என் அத்தைகள் இருவருக்கும் தனியே நன்றி கூற வேண்டும். அது எளிய முடிவு அன்று. பிறந்து சில நாள்களில் இறந்த ஒரு குழந்தையைப் பற்றிய நான்கு கடிதங்களை, தங்கள் காலம் வரை யாரும் பிரிக்கக் கூடாது என்று உறையிட்டு ஒப்படைத்தார்கள். காரணம் கேட்காமல் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்ட காப்பகத்தாருக்கும், முழுத் தொகுப்பையும் படமெடுத்து எங்களுக்கு ஒரு படி தந்த அவர்களுடைய இளம் பணியாளர்களுக்கும் எங்கள் வணக்கம்.

மீன் விற்கும் அம்மாள் இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. எங்கே குடிபோனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. அவருடைய தெர்மோகோல் பெட்டிகளில் ஒன்று இன்னும் எங்கள் மாடியில் இருக்கிறது. இந்த மடலைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர் யாரேனும் இருந்தால், அன்று அவர் கொடுத்த பனிக்கட்டியில் காப்பாற்றப்பட்டவை என்னென்ன என்பதை அவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில், பேத்தி