பட்டி கையைப் பக்கத்தில் பார்த்தேன்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் ஆளைத் தின்கிறது.

அந்தக் குளிரிலும் போய் பட்டி கையைக் கேட்டுவிட்டு வந்தேன். ஹாஸ்டலில் கேசட் தேயத் தேயக் கேட்டோமே, கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் இசையை கிட்டாரில் வாசிப்பவர், அவரேதான். சிகாகோவில் தெற்கு வாபாஷ் தெருவில் ‘லெஜண்ட்ஸ்’ என்று அவருக்குச் சொந்தமாக ஒரு கிளப் இருக்கிறது. 1989-ல் தொடங்கியது. ஜனவரியில் அவரே அங்கே வாசிப்பது வழக்கம். 1936-ல் பிறந்தவர், தொண்ணூறை நெருங்குகிறார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட மனம் வரவில்லை.

எனக்கும் மேடைக்கும் நடுவே நாலைந்து மேசைதான். கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த கிட்டாரோடு வந்தார். அந்தப் பொட்டுக்கு ஒரு கதை உண்டு. 1957-ல் சொந்த மாநிலமான லூசியானாவை விட்டுக் கிளம்பும்போது அவருடைய அம்மா பக்கவாதத்தில் இருந்தார். சிகாகோவில் சம்பாதித்து, பொட்டு போட்ட கேடிலாக் காரில் வந்து இறங்குவேன் என்று அம்மா மனம் குளிர ஒரு வார்த்தை சொன்னாராம். 1968-ல் அம்மா போய்விட்டார். கார் வரவில்லை, பொட்டு கிட்டாரில் ஏறிவிட்டது.

முதல் பாட்டு ஒரே இடி முழக்கம். அடுத்தது மெதுவான ‘பன்னிரண்டு பார்’ புளூஸ், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டுகள் திரும்பத் திரும்பச் சுழன்று வரும் வடிவம். பாதியில் கையைக் காட்டிக் குழுவை அமர்த்தினார். டிரம்ஸ் விளிம்பில் தட்டுவதோடு நின்றது. கிட்டார் ஒலி இறங்கிக்கொண்டே போய், கடைசியில் விரல் கம்பியில் உரசுவதே காதில் விழுந்தது. பாரில் ஐஸ் கட்டி போடுகிற சத்தம்கூடக் கேட்டது. பின்னால் யாரோ பேச்செடுக்க, பலர் திரும்பி முறைத்தார்கள். ஒரே ஒரு சுரத்தை வளைத்து, மேல் சுரத்தைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தார். போய்ச் சேருமா சேராதா என்று நம்மைத் தவிக்க விட்டார். சட்டென்று முழு வால்யூமில் ஒரு அடி. மேசையில் கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது மாப்ள.

இதற்குத்தான் கிளப்புக்குப் போக வேண்டும். 1960-களில் செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிகாகோ இசைத்தட்டு கம்பெனியில் அவர் பெரும்பாலும் மடி வாட்டர்ஸ் போன்ற பெரிய புளூஸ் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம்தான். மேடையில் வாசிப்பதுபோல் ஸ்டூடியோவில் வாசித்தால், வெறும் இரைச்சல் என்று முதலாளி லெனார்ட் செஸ் தள்ளிவிடுவார். பின்னாளில் அதே இரைச்சலை இங்கிலாந்துப் பையன்கள் வாசித்துப் புகழ் பெற்றார்கள். தப்புப் பண்ணிவிட்டேன் என்று செஸ் தன்னிடமே ஒப்புக்கொண்டதாக பட்டி கை சொல்லியிருக்கிறார். நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வருஷங்களில் பகலில் இழுவை லாரி ஓட்டிவிட்டு ராத்திரி வாசித்த மனிதர் அவர். முப்பது வயதில் அவர் மேடையில் செய்தது சுற்றியிருந்த நாலு மேசைக்காரர்களோடு போய்விட்டது.

நடுவில் மேடையை விட்டு இறங்கி, வாசித்துக்கொண்டே மேசைகளுக்கு இடையில் நடந்தார். என்னைக் கடந்தபோது கழுத்து நரம்பு தெரிந்தது. இடது கை விரல்கள் மட்டும் வயசே ஆகாத மாதிரி ஓடின.

உன் பையன் வேகமாக வாசிப்பதாக எழுதியிருந்தாய். 1965-ல் ஹார்மோனிகா வாசிக்கும் பாடகர் ஜூனியர் வெல்ஸ் போட்ட ‘ஹூடூ மேன் புளூஸ்’ ஆல்பத்தை அவனைக் கேட்கச் சொல். கிட்டார் பட்டி கைதான், ஆனால் செஸ் ஒப்பந்தத்தால் முதல் பதிப்பில் அவருக்கு வேறு பெயர் போட்டார்கள். அதில் ஒரு இடத்திலும் அவர் கத்தமாட்டார், விட்டு விட்டுத்தான் வாசிப்பார். எந்த இடத்தில் கையை எடுக்கிறார் என்று பையன் கவனிக்கட்டும்.

மே மாதம் ஊருக்கு வரும்போது அந்த ரெக்கார்டை எடுத்து வருகிறேன். உன் பழைய பிளேயரில் ஊசி தேறுமா என்று பார்த்து எழுது, இல்லையென்றால் இங்கிருந்தே வாங்கி வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பங்காளி