கூட்டல் கணக்கு போதாது

ஆசிரியருக்கு,

பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியும் ரிஃபார்ம் யுகேவும் கைகோத்தால் போதும், வலதுசாரிகள் சுலபமாக ஜெயித்துவிடலாம் என்ற தொனியில் இருந்தது உங்கள் தலையங்கம். 2024 தேர்தலில் முதல் கட்சிக்கு 23.7 சதவீதம், இரண்டாவதற்கு 14.3, கூட்டினால் 38; எதிரணியான லேபர் கட்சி வாங்கியதோ 33.7தான், ஆனாலும் 411 இடங்களை அள்ளியது. கணக்கு சரி. ஆனால் வாக்காளர் கணக்குப்படி நடப்பதில்லை.

கனடாவில் நாங்கள் இதைப் பார்த்துவிட்டோம். 1993இல் மேற்கில் ரிஃபார்ம் கட்சியும் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) கியூபெக் மாநிலத்தில் பிளாக் கியூபெக்வா கட்சியும் வாக்குகளைப் பிய்த்துக்கொண்டு போனதில், ஆட்சியில் இருந்த முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 2 இடங்களுக்குச் சுருங்கியது. 2000இல் வலதுசாரிகளின் இரண்டு கட்சிகளும் (முற்போக்கு கன்சர்வேட்டிவும், ரிஃபார்மின் வழிவந்த கட்சியும்) தனித்தனியே நின்று வாங்கியது மொத்தம் கிட்டத்தட்ட 38 சதவீதம். 2003 இறுதியில் இணைந்து, 2004இல் ஒரே கட்சியாக நின்றபோது கிடைத்தது 30க்கும் குறைவு. ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமெல்லாம் பழைய கட்சிக்கே வாக்களித்தவர், இணைப்பு அறிவிப்பு வந்ததும் "என் கட்சியை விற்றுவிட்டார்கள்" என்று கோபித்துக்கொண்டு அந்த முறை எதிரணியான லிபரல் கட்சிக்குப் போட்டார். அப்புறம் 2006இல்தான் இணைந்த கட்சியின் தலைவர் ஹார்ப்பர் பிரதமரானார், அதுவும் சிறுபான்மை அரசாக. எனவே அடுத்த முறை இதை எழுதும்போது, பிரிட்டனில் ரிஃபார்ம் யுகேவுக்குப் போட்டவர்கள் இரண்டாவதாக யாரை விரும்புகிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு விவரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், ஸ்காபரோ